எந்த மரத்துப் பிசின்? புரோபோலிஸ் வாங்குமுன் ஓர் ஒப்பீடு

போன மாதம் என் தம்பி சாப்பாட்டு மேசைமேல் தேனீக்கள் மரங்களிலிருந்து சேர்க்கும் பிசினான புரோபோலிஸ் அடைத்த மூன்று சிறு பாட்டில்களையும் ஒரு கறுப்பு உருண்டையையும் வரிசையாக வைத்தான். முதல் பாட்டிலில் பழுப்புத் திரவம், ஐரோப்பாவில் அடைத்தது. இரண்டாவதில் பச்சைச் சாயல் படிந்த மஞ்சள், மூன்றாவதில் மாதுளைச் சாறு போன்ற சிவப்பு. இவை இரண்டும் பிரேசில் சரக்கு. உருண்டை மட்டும் நம் ஊருடையது. மார்த்தாண்டத்துக்கு அருகில் அவன் மண்சட்டியில் வளர்க்கும் கொசுத் தேனீக் கூட்டிலிருந்து வழித்தெடுத்தது.

அவனுக்கு அடிக்கடி வாய்ப்புண் வரும். மழைக்காலம் என்றால் தொண்டையும் கட்டிக்கொள்ளும். "மூன்று பாட்டிலிலும் புரோபோலிஸ் என்றுதான் எழுதியிருக்கிறது. எதைத் தொடர்ந்து வாங்குவது, அண்ணா? இல்லை, இந்த உருண்டையையே ஸ்பிரிட்டில் ஊறவைத்துக்கொண்டால் போதுமா?" என்று கேட்டான்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். ஒரு பொருளுக்கு ஒரே பெயர் இருந்தால் அது ஒரே பொருளாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எங்கள் தொழிற்பழக்கம். புரோபோலிஸ் அந்த எதிர்பார்ப்பை முழுவதுமாகக் கலைத்துவிடுகிறது. அவனுக்குப் பதில் சொல்லப் படித்துத் திரட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மூன்று பாட்டில்களுக்கு நடுவே தடுமாறும் வேறு யாருக்கும் இது உதவக்கூடும்.

தேன், பூவின் மதுவாக வந்து தேனீயின் உடலில் நொதிகள் சேர்ந்து உருமாறும் பொருள். புரோபோலிஸ் கதை வேறு. மரத்தின் மொட்டிலும் தளிரிலும் பட்டைக் கீறலிலும் கசியும் பிசினைத் தேனீ கடித்து எடுத்து, மகரந்தத்தைச் சுமப்பது போலவே பின்னங்கால் கூடையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. பசை அப்படி ஒட்டியிருப்பதால் தானாக இறக்கி வைக்க முடியாது. கூட்டிலிருக்கும் வேறு தேனீக்கள்தாம் இழுத்து எடுக்க வேண்டும். அதில் மெழுகைச் சேர்த்துப் பிசைந்து விரிசலை அடைக்கின்றன, வாசலைக் குறுக்குகின்றன, உட்சுவரில் மெல்லப் பூசுகின்றன. அவை அதை உண்பதில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் தேனீ ஆய்வாளர் மார்லா ஸ்பிவாக்கின் குழு பெட்டியின் உட்சுவரில் பிசின் பூசிப் பார்த்தபோது, அந்தக் கூட்டுத் தேனீக்களின் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் அவ்வளவாக வேலை செய்ய வேண்டியிருக்கவில்லை என்று 2009இல் பதிவு செய்தது. சுவரே பாதிக் காவலைப் பார்த்துக்கொண்டது.

பாடநூல்களில் வரும் பழைய கணக்கு இது: பாதி பிசின், 30 சதவீதம் மெழுகு, 10 சதவீதம் நறுமண எண்ணெய், 5 சதவீதம் மகரந்தம், மீதி பிற பொருள்கள். இந்தக் கணக்கால் வாங்குகிறவருக்குப் பயனில்லை. அந்தப் 'பாதி பிசின்' எந்த மரத்தினுடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மரம் மாறினால் சேர்மங்களின் பட்டியலே மாறிவிடும். இதுவரை இனம் கண்ட சேர்மங்கள் 300க்கும் மேல். ஒரே கூட்டில் அத்தனையும் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

பழுப்பு: பாப்லர் மொட்டின் பிசின்

ஐரோப்பா, வட அமெரிக்கா, சீனா, நியூசிலாந்து முதலிய மிதவெப்ப நாடுகளின் புரோபோலிஸில் பெரும்பகுதி பாப்லர் மர மொட்டிலிருந்து வருவது. சாம்பிராணியை நினைவூட்டும் மணம். பினோசெம்பிரின், கிரைசின், கலாங்கின், பினோபேங்சின் என்னும் ஃபிளேவனாய்டுகளும் (தாவரங்கள் உண்டாக்கும் ஒரு வகைச் சேர்மங்கள்) காஃபிக் அமிலத்தின் எஸ்டர்களும் (அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த சேர்மங்கள்) இதன் அடையாளம். இவற்றில் கலாங்கின் நமக்குப் புதிய சரக்கன்று. தொண்டைக் கட்டுக்கு நம் வீடுகளில் வாயில் அடக்கிக்கொள்ளும் சித்தரத்தையிலும் இருப்பது அதுவே. அரத்தையின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான் அதற்கு அந்தப் பெயரும் வந்தது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

எஸ்டர்களில் புகழ்பெற்றது காஃபிக் அமில ஃபினெத்தில் எஸ்டர், சுருக்கமாகக் கேப். உடலில் அழற்சியைத் தூண்டும் என்எஃப் கப்பா-பி என்னும் புரதத்தை இது தடுக்கிறது என்று 1996இல் ஹூஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன்பின் புரோபோலிஸ் விளம்பரங்களில் இந்தப் பெயர் ஓயவில்லை. ஆனால் அது செல் வளர்ப்புத் தட்டில் கண்ட விளைவு. குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் போகும்போது இந்த எஸ்டர் விரைவில் சிதைந்துவிடும். தட்டில் கண்டதை நாக்கில் விடும் சொட்டு செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மனிதர்களிடம் நடந்த ஆய்வு என்றால், மேற்பூச்சில்தான் பழுப்புக்கு உருப்படியான ஆதாரம் இருக்கிறது. 2000இல் வெளியான ஓர் ஆய்வில் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் புண் உள்ள 90 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, கனடாப் புரோபோலிஸ் களிம்பு, ஹெர்ப்பிஸ் வைரஸுக்கான அசைக்ளோவிர் மருந்துக் களிம்பு, மருந்தில்லாத களிம்பு என்று கொடுத்தார்கள். பத்தாம் நாளில் புண் ஆறியவர்கள் முறையே 30 பேரில் 24, 14, 12. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் புண் இருக்கும் இடத்திலேயே பிசின் படும்போது வேலை நடக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

பழுப்பின் குறையும் அதே எஸ்டர்களில்தான் இருக்கிறது. தோல் ஒவ்வாமையைத் தூண்டுவதில் பாப்லர் வகையின் காஃபிக் அமில எஸ்டர்களுக்கு முதன்மையான பங்கு. தோல் நோய்ப் பிரிவுகளில் ஒவ்வாமைச் சோதனைக்கு வந்தவர்களில் 1.2 முதல் 6.6 சதவீதம் பேருக்குப் புரோபோலிஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டிருக்கிறார்கள். பெரு பால்சம் என்னும் நறுமணப் பிசின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு மிகுதி. தேனீ வளர்ப்பவர்களின் விரல்களில் வரும் தடிப்புக்கும் பல நேரம் காரணம் இதுவே.

போலியும் இந்த வகையில் உண்டு. சீனாவில் பாப்லர் மொட்டை நேரடியாகக் காய்ச்சி எடுத்த பசையைப் புரோபோலிஸ் என்று விற்றது தெரியவந்தது. இரண்டிலும் ஃபிளேவனாய்டுகள் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் கண்டுபிடிப்பது கடினம். வழி காட்டியது சாலிசின் என்னும் ஒரு சேர்மம். மொட்டுப் பசையில் அது இருக்கும். தேனீயின் வாய் பட்ட பிசினில் அதன் நொதி சாலிசினை உடைத்துவிடுவதால் இருக்காது. தேனீ தொட்டதா இல்லையா என்பதை வேதியியல் இப்படிச் சொல்லிவிடுகிறது.

பச்சை: மினாஸ் ஜெராயிஸின் புதர்

பிரேசிலின் தென்கிழக்கில், மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில், அலெக்ரிம் டோ காம்போ என்று அழைக்கப்படும் புதர், பக்காரிஸ் இனம். அங்குள்ள ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீக்கள் அதன் இளந்தளிர் நுனியைக் கொய்து கூட்டுக்குக் கொண்டுவருகின்றன. பச்சை நிறம் அந்தத் தளிரிலிருந்து வருகிறது. இதில் கேப் இல்லை, பாப்லர் ஃபிளேவனாய்டுகளும் பெயரளவுக்குத்தான். இதன் நாயகன் ஆர்டெபிலின்-சி, சின்னமிக் அமிலம் என்னும் தாவர அமிலத்தில் பிரினைல் என்னும் கார்பன் கிளைகள் இரண்டு ஏறியது. கூடவே காஃபியோயில் குவினிக் அமிலங்கள். காப்பிக்கொட்டையிலும் அவற்றின் உறவினர்கள் உண்டு. மினாஸ் ஜெராயிஸ் பச்சைப் புரோபோலிஸுக்குப் புவிசார் குறியீடு 2016இல் கிடைத்தது. இதைப் பெருமளவில் வாங்கும் நாடு ஜப்பான்.

உள்ளுக்குச் சாப்பிடும் ஆய்வுகளைப் பொறுத்தவரை பச்சை, பழுப்பைவிட ஓரடி முன்னே நிற்கிறது. 2019இல் வெளியான பிரேசில் ஆய்வொன்றில் நாட்பட்ட சிறுநீரக நோயுள்ள 32 பேரில் ஒரு பகுதியினர் நாளுக்கு 500 மில்லிகிராம் வீதம் ஓராண்டு எடுத்துக்கொண்டார்கள். சிறுநீரில் வெளியேறும் புரதம் அவர்களுக்குக் குறைந்தது. 2021இல் பிரேசிலின் சால்வடோர் நகரில் கோவிட்டுக்காக மருத்துவமனையில் சேர்ந்த 124 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் மேலும் 12 நாள் தங்க வேண்டியிருந்தது. 400 மில்லிகிராம் சேர்த்துப் பெற்றவர்கள் 7 நாளிலும், 800 மில்லிகிராம் பெற்றவர்கள் 6 நாளிலும் வீடு திரும்பினார்கள். இவை இடைநிலை மதிப்புகள். யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு என்பதால் இதன் எடையைக் குறைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

சிறுநீரகத்துக்கு நல்லது என்று இதைப் படித்து யாரும் கடைக்கு ஓடிவிடக் கூடாது. புரோபோலிஸ் உட்கொண்ட ஒருவருக்குத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு வந்ததையும் 2005இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்திருக்கிறது. சிறுநீரக நோயாளி ஆய்வில் சேருவது ஒன்று. தானே சொட்டு எண்ணுவது முற்றிலும் வேறு.

சிவப்பு

பிரேசிலின் அலகோவாஸ் மாநிலத்தின் அலையாத்திக் காட்டோரம் வளரும் டால்பெர்ஜியா இனத்துச் செடியின் செம்பிசின். நம் ஈட்டி மரத்தின் உறவு அது. 2012இல் புவிசார் குறியீடு பெற்றது. ஃபார்மனோனெடின், பயோகானின்-ஏ, வெஸ்டிடால், மெடிகார்பின் என்று ஐசோஃபிளேவனாய்டுகள் நிறைந்தது. ஆய்வுக்கூடத்தில் அருமையான முடிவுகள் வருகின்றன. மனிதர்களிடம் நடந்த ஆய்வு குறைவு. முதல் இரண்டு சேர்மங்களும் பெண் ஹார்மோனைப் போல ஓரளவு நடந்துகொள்ளக் கூடியவை. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. தம்பியின் வாய்ப்புண்ணுக்கு இத்தனை அரிய பொருள் தேவையில்லை என்று மூன்றாவது பாட்டிலை உடனே ஓரமாக வைத்துவிட்டேன்.

நம் உருண்டை

நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் இந்தியத் தேனீ, அடுக்குத் தேனீ என்கிறோமே, அது பிசின் சேர்ப்பதில்லை என்றே சொல்லிவிடலாம். நம் ஊரில் புரோபோலிஸ் என்றால் இத்தாலியத் தேனீயினுடையதாக இருக்கும், இல்லாவிட்டால் கொசுத் தேனீயினுடையதாக. கொசுத் தேனீ கூடு முழுவதையுமே பிசினும் மெழுகும் குழைத்துக் கட்டுகிறது. குங்கிலியத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள டாமர் என்னும் சொல்லாலேயே அதை டாமர் தேனீ என்று அழைத்தார்கள். சிறுதேனுக்கு இங்கே இருக்கும் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். அந்த மதிப்பை அப்படியே பிசினுக்கும் ஏற்றிவிடுவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

காரணம் மாமரம். தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் ஆராய்ந்த புரோபோலிஸ் பலவற்றில் கார்டோல், கார்டனால் என்னும் சேர்மங்களைக் கண்டிருக்கிறார்கள். மாமரப் பிசினிலிருந்து வருபவை. இவை முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் இருப்பவை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கும், மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்துபோன சிறுவர்களுக்கும், சேங்கொட்டையின் குணம் அறிந்த வைத்தியர்களுக்கும் இந்தக் குடும்பத்தின் காரம் நன்றாகத் தெரியும். கிருமியைக் கொல்லும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. புண்ணான வாய்க்குள் தடவ ஏற்றவை என்று சொல்ல மாட்டேன். தம்பியின் சட்டிகள் மாந்தோப்புக்குள்தான் இருக்கின்றன. அடுத்த தெருவில் பலாவும் தேக்கும் நிற்கும் இடத்துக் கூடு வேறு பிசினைத் தந்திருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். சேர்மங்கள் இவ்வளவு வேறுபட்டால் குணமும் வேறுபட வேண்டாமா? பல்கேரிய வேதியியலாளர் வாஸ்யா பாங்கோவா பங்கேற்ற குழு வெவ்வேறு நாட்டு மாதிரிகளைக் கிருமிகள், பூஞ்சை, வைரஸ் ஆகியவற்றுக்கு எதிராகச் சோதித்து 1999இல் முடிவை வெளியிட்டது. எல்லா மாதிரிகளும் பூஞ்சையிடமும் ஒரு வகைக் கிருமியிடமும் வேலை செய்தன, வைரஸிடம் பெரும்பாலானவை. ஐரோப்பியப் பிசினில் ஃபிளேவனாய்டு செய்ததை வெப்பநாட்டுப் பிசினில் வேறு ஏதோ செய்தது. யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை: தேனீ தேடிப் போவது ஒரு சேர்மத்தையன்று, கூட்டைக் காக்கும் பிசினை. பொதுவாக ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் கிருமிகளிடம் புரோபோலிஸ் நன்றாகச் செல்லுபடியாகும். வெளிச்சவ்வுக் கவசம் உள்ள கிராம் நெகட்டிவ் கிருமிகளிடம் அவ்வளவாக இல்லை. ஆகவே 'எது கிருமியைக் கொல்லும்' என்பதை வைத்து நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எது ஒத்துக்கொள்ளும், எதை மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்கள், பாட்டிலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்ற மூன்றையும் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கரைப்பானும் அளவும்

பிசினை இழுத்தெடுக்க 70 சதவீத அளவிலான எத்தனால், அதாவது மதுச்சாரம்தான் சிறந்தது. ஃபிளேவனாய்டும் எஸ்டரும் வரும், மெழுகு பெரும்பாலும் பின்தங்கும். தண்ணீர்ச் சாறு குழந்தைகளுக்கும் மதுவைத் தவிர்ப்பவர்களுக்கும் ஏற்றது என்று விற்கிறார்கள். பாப்லர் வகையைத் தண்ணீரில் எடுத்தால் ஃபிளேவனாய்டுகளில் பெரும்பகுதி கழிவிலேயே தங்கிவிடும். பச்சை வகையின் குவினிக் அமிலங்கள் மட்டும் நீரில் நன்றாக இறங்கும். ஆகவே தண்ணீர்ச் சாறுதான் வேண்டும் என்றால் பச்சையில் வாங்குவது பொருத்தம். அதிலும் ஆர்டெபிலின் கொஞ்சமே இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். புரொப்பிலீன் கிளைகால் சாறு மதுவுக்கு நல்ல மாற்று, சுவைதான் சகிக்காது. கிளிசரினும் எண்ணெயும் பிசினை இழுப்பதில் பின்தங்கியவை.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்துவது லேபிளில் வரும் சதவீதம். '30 சதவீதம்' என்று போட்டிருப்பார்கள். 30 கிராம் கட்டியைப் போட்டு ஊறவைத்தார்களா, கரைந்து வந்தது 30 சதவீதமா என்று சொல்ல மாட்டார்கள். கட்டியில் மெழுகும் மரத்தூளும் கழிந்துபோகும். சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஒரு பாட்டிலைக் கண்ணாடித் தட்டில் ஆவியாக விட்டுப் பார்த்தேன். மிஞ்சியது மெல்லிய மஞ்சள் கறை மட்டுமே. பிரேசிலின் 2001ஆம் ஆண்டு விதி இதில் நேர்மையானது: சாற்றில் உலர்பொருள் (கரைப்பான் ஆவியானபின் மிஞ்சுவது) குறைந்தது 11 சதவீதம், ஃபீனால்கள் 0.50 சதவீதம், ஃபிளேவனாய்டுகள் 0.25 சதவீதம் இருந்தாக வேண்டும். உலர்பொருள் அளவைச் சொல்லாத பாட்டிலை வாங்காதீர்கள்.

அந்த 11 சதவீதத்தை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒரு மில்லிலிட்டரில் 110 மில்லிகிராம். மதுச் சாறு சொட்டுக்குழாயில் மில்லிலிட்டருக்கு 30 சொட்டு அளவில் விழும். ஒரு சொட்டில் 4 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. 'காலையில் பத்துச் சொட்டு' என்பது 40 மில்லிகிராமைத் தொடாது. சிறுநீரக ஆய்வின் 500 மில்லிகிராமை எட்ட 130 சொட்டுக்கு மேல் வேண்டும். பத்துச் சொட்டை விற்றுக்கொண்டு அந்த ஆய்வை மேற்கோள் காட்டுவது நியாயமில்லை. மறுபக்கம், நச்சியல் தரவுகளை 1998இல் தொகுத்த ஒரு மதிப்புரை, நாளுக்கு 70 மில்லிகிராம் பாதுகாப்பானது என்று மிகுந்த எச்சரிக்கையோடு கணக்கிட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2010இல் புரோபோலிஸ் பற்றிய உடல்நலக் கூற்றுகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே உள்ளுக்கு எடுப்பதைவிட, புண்மேல் படவைப்பதே நியாயமான பயன்பாடு என்று நினைக்கிறேன்.

தண்ணீரில் சொட்டு விட்டால் பால் போல வெளுத்து, பிசின் பிரிந்து டம்ளரில் ஒட்டிக்கொள்ளும். பாதி மருந்து டம்ளருக்கே போய்விடும். ஒரு கரண்டி தேனில் விட்டுக் குழைத்துத் தொண்டையில் மெல்ல இறக்குவது நல்லது. வாய்ப்புண்ணுக்குப் பஞ்சுக்குச்சியில் தொட்டு வைத்து, ஒரு நிமிடம் வாயைத் திறந்து காயவிட்டால் மெல்லிய படலமாகப் பிடித்துக்கொள்ளும். எரியும், மதுவின் எரிச்சல் அது, அரை நிமிடத்தில் அடங்கும்.

வீட்டில் ஊறவைப்பது பற்றித் தம்பி மீண்டும் கேட்டான். முறை எளிது: கட்டியை ஃபிரீசரில் வைத்து நொறுங்கும்படி செய்து பொடித்து, இருண்ட பாட்டிலில் இரண்டு வாரம் ஊறவைத்து, குளிரூட்டி மெழுகைப் படியவைத்து வடிகட்டுவது. சிக்கல் ஸ்பிரிட்டில். உண்ணத்தகுந்த தூய எத்தனால் உரிமம் இல்லாமல் நம் கைக்கு வராது. கைக்கு எளிதில் வரும் தொழிற்சாலை ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும். மெத்தனால் என்ன செய்யும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கண்டோம். சானிடைசரும் சர்ஜிகல் ஸ்பிரிட்டும் இதற்கு ஆகவே ஆகாது. பெட்டிக்குப் பெயிண்ட் அடித்திருந்தால் அந்தச் சுரண்டலில் ஈயமும் வரலாம்.

எனவே என் தீர்ப்பு பழுப்புக்கு: பாப்லர் என்று மரத்தைச் சொல்லி, கரைப்பானைச் சொல்லி, உலர்பொருளைச் சொல்லும் பாட்டில், புண்ணும் கரகரப்பும் உள்ள சில நாள்களுக்கு மட்டும். பாப்லர் பிசின் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பச்சைக்குத் தாவலாம் என்ற யோசனையும் வந்தது. பச்சையில் அந்த எஸ்டர்கள் மிகக் குறைவுதான். ஆனால் ஒவ்வாமை உள்ளவர் இன்னொரு பிசினைத் தானே சோதித்துப் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், கருவுற்றவர்கள் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணுக்குச் சொட்டு வேண்டாம், பல் மருத்துவரிடம் போங்கள். புகையிலை போடுகிறவர் என்றால் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தடவி மூன்று நாள் பார்க்கச் சொன்னேன். தம்பிக்குத் தடிப்பு எதுவும் வரவில்லை. பழுப்பு பாட்டிலை எடுத்துக்கொண்டான். உருண்டையை என்ன செய்வது என்று கேட்டதற்கு, சட்டியின் வாசலருகே ஒட்டிவைக்கச் சொன்னேன். வெயில் ஏறி அது இளகத் தொடங்கியதும் கொசுத் தேனீக்கள் வந்து மொய்த்தன. கிள்ளிக் கிள்ளிப் பின்னங்காலில் ஒட்டிக்கொண்டு, தங்கள் பிசினை உள்ளே எடுத்துப் போயின.